எங்கள் வானிலைச் செயலியில் பொய் பரவுகிறது, நான் என்ன செய்யலாம்?

வானிலைச் செயலி ஒன்றைத் தயாரிக்கும் சிறிய நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அந்தச் செயலியில் மழை, வெயில் நிலவரத்தோடு பயனர்கள் படமும் கருத்தும் போடுவதற்கு ஒரு பகுதி உண்டு. ஆரம்பத்தில் "இங்கே ஆலங்கட்டி விழுகிறது", "இந்தச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர்" என்று உபயோகமாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு வெப்ப அலைக்கும் வெள்ளத்துக்கும் பின்னால் வேறு வகைப் பதிவுகள் வரிசை கட்டுகின்றன. 1998க்குப் பிறகு பூமி சூடாகவே இல்லையாம். கார்பன் எல்லாம் எரிமலை விடுவதுதானாம். இந்த வெள்ளத்தையே விமானத்திலிருந்து மேகத்தில் விதை தூவி, அதாவது மழையைத் தூண்டும் உப்பு போன்ற துகள்களைத் தூவி, வரவழைத்தார்களாம். இவை "இப்போது பரபரப்பு" என்ற பெட்டியில் ஏறி, அங்கிருந்து நோட்டிபிகேஷனாக எல்லார் போனுக்கும் போய்விடுகின்றன.

வாசகர் இவற்றை எல்லாம் நீக்கச் சொல்லிப் பார்த்தார். "நாம் நடுநிலையாக இருக்க வேண்டும்" என்று மேலாளர் மறுத்துவிட்டார். உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் போதும் என்கிறார் சக ஊழியர் ஒருவர். வாசகரே இரவில் உட்கார்ந்து வரைபடங்களோடு மறுப்பு எழுதியிருக்கிறார். பதிலுக்கு வசவுதான் கிடைத்தது. திருத்தம் சொன்னால் மக்கள் பொய்யை இன்னும் உறுதியாக நம்புவார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து, எழுதியதே தவறோ என்ற குழப்பம் வேறு. நீக்கலாமா, உண்மைப் பெயர் உதவுமா, திருத்தம் எழுதலாமா, எதுவும் நடக்காவிட்டால் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு பதிவுக்கு எத்தனை பதில்கள் வந்தன என்பதை வைத்துத்தான் பரபரப்புப் பெட்டி நிரம்புகிறது. உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதிய ஒவ்வொரு மறுப்பும் ஒரு பதில். அதற்கு வந்த ஒவ்வொரு வசவும் ஒரு பதில். எரிமலைப் பதிவைப் பொய் என்று காட்ட நீங்கள் பட்ட பாடு, அதையே பெட்டியின் உச்சிக்கு ஏற்றியிருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் யாரும் பொய் எழுதவில்லை, யாரும் அதை விரும்பவும் இல்லை. ஆனாலும் சண்டை மூட்டும் பதிவைத் தேர்ந்தெடுத்து முன்னால் வைக்கும் விதி ஒன்றை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

பெரிய நிறுவனங்களும் இதே வழியில்தான் போயின. 2017இல் ஃபேஸ்புக் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பை மற்ற உணர்ச்சிக் குறிகளுக்குக் கொடுத்தது, கோபக் குறி உட்பட. கோபம் அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் தரக்குறைவான செய்தியும் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே கண்ட பிறகு, 2020இல் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். 2021இல் வெளியான உள் ஆவணங்கள் வழியாகத்தான் இது உலகத்துக்குத் தெரியவந்தது.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆவதற்கு 70 சதவீதம் அதிக வாய்ப்பு இருந்தது. தானியங்கிக் கணக்குகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். புதுமையாக, ஆச்சரியமாக இருப்பதை நாம் முந்திக்கொண்டு பகிர்கிறோம். காலநிலை விஷயத்தில் உண்மை பழைய செய்தி, பல பத்தாண்டுகளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. பொய்தான் தினமும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

ஆகவே மேலாளரின் நடுநிலை வாதத்துக்கு உங்கள் பதில் இதுவாக இருக்கட்டும்: எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. இப்போது பதில் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. நாம் வேறு ஒன்றைத் தீர்மானிக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். யாருடைய வாயையும் அடைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை.

நீக்குவது எப்போது சரி?

நீக்கும் பொத்தானைக் குறைவாகவே பயன்படுத்துங்கள் என்பேன். சந்தேகப்படுவதற்கும் தவறாகப் புரிந்துகொள்வதற்கும் மனிதர்களுக்கு உரிமை உண்டு. "குளிர் இப்படி நடுக்குகிறதே, பூமி சூடாகிறது என்கிறார்களே" என்று கேட்பவர் சதிகாரர் அல்ல. பல சமயம் நேர்மையாகத்தான் கேட்கிறார். அவர் பதிவை நீக்கினால், "மறைக்கிறார்கள்" என்ற தலைப்போடு அதன் ஸ்கிரீன்ஷாட் இன்னும் பெரிய சுற்று சுற்றும். கார்பன் வரி வேண்டுமா, அணுமின்சாரம் சரியா, செலவை யார் ஏற்பது என்பவையெல்லாம் நியாயமான அரசியல் கருத்து வேறுபாடுகள். அவற்றைப் பொய்ச்செய்திக் கணக்கில் சேர்த்தால், சண்டையில் உங்கள் பக்கம் தோற்பதற்கு அதுவே போதும்.

தயங்காமல் நீக்க வேண்டியவை சில உண்டு. "வெள்ள எச்சரிக்கை பொய், வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்" என்பது போல உயிருக்கு ஆபத்தான தகவல். வானிலை மையத்தின் பெயரில் போலிக் கணக்கு. ஒரே வாசகத்தை ஐம்பது கணக்குகளிலிருந்து ஊற்றும் கூட்டம். மிரட்டல். இந்த நான்கும் போதும். விதிகளை முன்கூட்டியே எளிய மொழியில் எழுதி வையுங்கள். நீக்கினால் காரணம் சொல்லுங்கள், மேல்முறையீட்டுக்கு வழி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், பதிவை நீக்கும் தளங்கள் காரணம் கூற வேண்டும் என்கிறது. பதிவுகளை வரிசைப்படுத்தும் விதிகளைப் பயனர்களுக்கு விளக்குவதையும் தளங்களின் பொறுப்பாக வைக்கிறது. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, நல்ல நடைமுறைக்கு ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டுச் சட்டப்படி பயனர் பதிவுகளுக்கு நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு என்பதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

உண்மைப் பெயர்

சக ஊழியரின் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். தென்கொரியா 2007இல் பெரிய இணையதளங்களில் கருத்துப் போட அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. விஷமப் பதிவுகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2011இல் ஒரு பெரிய தளத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. காலநிலைப் பொய்களைப் பரப்புகிறவர்கள் பலரும் சொந்தப் பெயரில், பெருமையாகவே செய்கிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வேகத்தைக் குறையுங்கள்

நீங்கள் உண்மையிலேயே கை வைக்க வேண்டிய இடம் இது. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தியை ஒரு தடவையில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. எந்தச் செய்தி பொய் என்று யாரும் உட்கார்ந்து தீர்ப்பெழுதவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை. அதே ஆண்டில் ட்விட்டர், திறந்து படிக்காத கட்டுரையைப் பகிரப் போனால் "முதலில் படிக்கிறீர்களா?" என்று கேட்டது. கேட்டதும் கட்டுரையைத் திறந்தவர்கள் 40 சதவீதம் கூடினார்கள். இரண்டுமே அந்தந்த நிறுவனங்கள் தாமே சொன்ன கணக்குகள், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் திசை சரிதான். சில நொடித் தயக்கம் வேலை செய்கிறது.

உங்கள் செயலியில் நான் முதலில் செய்வது, பயனர் பதிவுகளை நோட்டிபிகேஷனாக அனுப்புவதை நிறுத்துவது. மழை எச்சரிக்கை வரும் அதே வழியில், அதே மணியோசையோடு வதந்தியும் வந்தால், படிப்பவர் அதை வானிலை மையமே சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். எச்சரிக்கைக்கு இருக்கும் மரியாதையை நீங்கள் வதந்திக்குக் கடன் கொடுக்கிறீர்கள். நாளைக்கு உண்மையான புயல் எச்சரிக்கை போகும்போது அது நம்பப்பட வேண்டும். மேலாளரிடம் இந்த ஒன்றை மட்டும் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. வானிலைச் செயலியின் வியாபாரமே நம்பிக்கைதானே.

அடுத்து, பதிவு போடும் படிவத்தை இரண்டாகப் பிரியுங்கள். "நான் பார்த்தது" என்பது ஒன்று, "நான் நினைப்பது" என்பது இன்னொன்று. பார்த்ததைப் போடுகிறவர் செயலியின் கேமராவிலேயே படம் எடுக்கட்டும். நேரமும் பகுதியும் தானாகவே பதியட்டும். துல்லியமான இருப்பிடத்தை மட்டும் வெளியே காட்டாதீர்கள், வட்டாரம் தெரிந்தால் போதும். பழைய வெள்ளப் படத்தை இன்றைய படம் என்று போடும் தந்திரம் இதில் பெருமளவு அடிபட்டுப் போகும். பரபரப்புப் பெட்டியில் "பார்த்தது" மட்டும் ஏறட்டும். அதுவும் பதில் எண்ணிக்கையை வைத்து வேண்டாம். அதே பகுதியிலிருந்து எத்தனை பேர் "ஆமாம், இங்கேயும்" என்று உறுதி செய்தார்கள் என்பதை வைத்து ஏறட்டும். "நினைப்பது" இருக்கும், யாரும் தடுக்கவில்லை. தேடிப் போகிறவர் படித்துக்கொள்ளலாம்.

அப்புறம், உங்களிடம் வேறு தளங்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: ஒரு நாளைக்குப் பலமுறை மக்கள் வெப்பநிலையைப் பார்க்க வருகிறார்கள். இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில், அதே தேதியின் நீண்டகாலச் சராசரியை மெல்லிய கோடாகக் காட்டுங்கள். உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுக் காலத்தைப் பயன்படுத்துகிறது. இப்போது வழக்கில் உள்ளது 1991–2020. சராசரிக்குக் கீழே போகும் குளிர்ந்த நாளிலும் அந்தக் கோட்டை மறைக்காமல் காட்டுங்கள். ஒரு நாளின் குளிருக்கும் முப்பது வருடப் போக்குக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் வகுப்பெடுக்காமலே பயனர் தெரிந்துகொள்வார். வெயில் நாளில் மட்டும் காட்டினால் அது பிரசாரம் ஆகிவிடும். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திருத்தம் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். திருத்தினால் நம்பிக்கை இறுகிவிடும் என்று நீங்கள் படித்தது 2010இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு. 2019இல் வேறு இரு ஆய்வாளர்கள் 52 விஷயங்களில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, அந்த எதிர்விளைவு எங்கும் நிலையாகத் தென்படவில்லை. பெரும்பாலும் திருத்தம் வேலை செய்கிறது. ஆனால் நாளடைவில் மங்குகிறது, அதனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதியது தவறு அல்ல, எழுதிய இடம்தான் தவறு. அந்தப் பதிவின் அடியில் நடுராத்திரியில் எழுதாதீர்கள். செயலியிலேயே நிரந்தரமான, குட்டியான விளக்க அட்டைகளாகப் போடுங்கள்.

அட்டை எப்படி இருக்க வேண்டும்? உண்மையில் ஆரம்பியுங்கள், பொய்யை ஒரே தடவை சொல்லுங்கள், அதில் உள்ள தந்திரத்தைக் காட்டுங்கள், உண்மையில் முடியுங்கள். 1998 விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மிக வலுவான எல் நினோவால் (பசிபிக் கடல்நீர் அவ்வப்போது வழக்கத்தைவிடச் சூடாகும் இயற்கை நிகழ்வு) வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது. மலை உச்சியிலிருந்து கணக்கைத் தொடங்கினால் அடுத்த சில ஆண்டுகள் இறக்கமாகத்தான் தெரியும், அதுதான் தந்திரம். 2005, 2010, 2016 எல்லாம் அதைத் தாண்டிவிட்டன. 2024 பதிவுகளிலேயே மிகச் சூடான ஆண்டு, தொழில்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்றது உலக வானிலை அமைப்பு. எரிமலைக்கு ஒரே வரி போதும்: உலகின் எல்லா எரிமலைகளும் ஓர் ஆண்டில் விடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர்கள் விடுவதில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. மேக விதைப்புக்கு, 2024 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தில் கொட்டிய மழையைச் சொல்லலாம். அன்றும் இதே குற்றச்சாட்டு உலகம் சுற்றியது. ஆனால் வானிலை மாதிரிகள் அந்தப் புயலைப் பல நாள் முன்பே காட்டியிருந்தன. விதை தூவினால் ஏற்கனவே இருக்கும் மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதல் மழையை வரவழைக்கப் பார்க்கலாம், அவ்வளவுதான். அத்தனை பெரிய புயலை உருவாக்க அதனால் ஆகாது.

இந்த அட்டைகளைப் பொய் வந்த பிறகு தேடி எடுப்பதைவிட, முன்பே காட்டுவது நல்லது. கோடை தொடங்கும் வாரத்தில், "இந்தப் பருவத்தில் இப்படி ஒரு பதிவு உங்களுக்கு வரும், அதில் இந்தத் தந்திரம் இருக்கும்" என்று சொல்லிவிடலாம். 2017இல் வெளியான ஒரு சோதனை இதைக் காலநிலை விஷயத்திலேயே பார்த்தது. பூமி சூடாவதற்கு மனிதர்களே காரணம் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இருக்கும் ஒருமித்த கருத்தை ஒரு கூட்டத்துக்குச் சொன்னார்கள். கூடவே, அதை மறுத்து 31,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதாகச் சொல்லும் பிரபலமான மனுவையும் காட்டினார்கள். முதல் தகவலின் பலன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஆனால் கையெழுத்திட்டவர்களில் மிகச் சொற்பமானவர்களே காலநிலை அறிவியல் படித்தவர்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர்களிடம் அந்தப் பலனில் ஒரு பகுதி தப்பிப் பிழைத்தது. 2022இல் யூடியூப் விளம்பர இடத்தில் குட்டி வீடியோக்களை ஓட்டிப் பார்த்த ஆய்வில், ஏமாற்றுத் தந்திரத்தை அடையாளம் காணும் திறன் சுமார் 5 சதவீதம் கூடியது. இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். மந்திரம் எதுவும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

"பொய்" என்று ஒவ்வொரு பதிவுக்கும் லேபிள் ஒட்டும் யோசனை உங்கள் குழுவில் கட்டாயம் எழும். உங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சில பதிவுகளுக்கு மட்டும் லேபிள் இருந்தால், லேபிள் இல்லாதவை எல்லாம் சரிபார்க்கப்பட்டவை என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 2020இல் வந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க உங்களிடம் ஆளும் இல்லை.

உங்கள் அட்டைகளுக்கு இன்னொரு நிபந்தனை: மிகைப்படுத்தலையும் அதே கண்டிப்போடு பிடிக்க வேண்டும். "இன்னும் சில வருடங்களில் மனித இனமே அழிந்துவிடும்" என்று போடுகிறவர் உங்கள் பக்கத்து ஆளாகத் தோன்றலாம். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. அவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் திருத்தினால் மேலாளர் பயந்தது உண்மையாகிவிடும். அதோடு, எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணமும் மனிதர்களைக் கையைக் கட்டி உட்கார வைக்கும். அந்த வகையில் பூமி சூடாவதையே மறுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்களைப் பற்றி

"மக்கள் எல்லோருமே இப்படி ஆகிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், மாதம்தோறும் வருமானத்தில் ஒரு சதவீதத்தைக் காலநிலைக்காகக் கொடுக்கத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். தங்கள் நாட்டில் மற்றவர்களில் எத்தனை பேர் தயாராக இருப்பார்கள் என்று கேட்டபோது மக்கள் சராசரியாகச் சொன்னது 43 சதவீதம். கருத்துப் பகுதியில் கத்துகிற சிலரைப் பார்த்து ஊரையே எடை போடும் தவறை நீங்களும் செய்கிறீர்கள். உங்கள் செயலியைத் திறந்து, வெயிலைப் பார்த்து, எதுவும் எழுதாமல் மூடிவிட்டுப் போகிறவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. உங்கள் வடிவமைப்பு அவர்களுக்கானது.

இரவு மறுப்பு எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பெட்டியின் விதி மாறும்வரை அது பொய்க்குத்தான் உதவுகிறது, உங்கள் தூக்கமும் போகிறது. வசவுப் பதிவுகளைப் படிக்கும் வேலை குழுவில் சுழற்சி முறையில் வரட்டும். ஒருவர் தலையிலேயே விழக் கூடாது என்று கேட்பது உங்கள் உரிமை.

வேலையை விடுவதா? இப்போது வேண்டாம். நீங்கள் இதுவரை கேட்டது நீக்கும் அதிகாரம், அது மறுக்கப்பட்டது. வரிசை விதியை மாற்றலாம் என்று ஒரு தடவைகூட எழுத்தில் கேட்டதில்லை. இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். பயனர்களில் ஒரு பாதிக்கு ஒரு பருவகாலம் மட்டும் புதிய பெட்டி, நோட்டிபிகேஷன் நிறுத்தம், படிவப் பிரிப்பு. மறு பாதிக்குப் பழையபடியே. எதை அளப்பது என்பதை முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள்: புகார்களின் எண்ணிக்கை, நோட்டிபிகேஷனை அணைத்தவர்கள், மூன்று மாதம் கழித்தும் செயலியை வைத்திருப்பவர்கள். பின்னால் எண்களைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால், 1998இலிருந்து கணக்குப் போடுகிறவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இருக்காது. செயலியைத் திறக்கும் எண்ணிக்கை முதல் சில வாரம் குறையலாம் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் உள் எண்களையோ மேலாளரின் மின்னஞ்சலையோ வெளியே போட்டுவிடாதீர்கள். முறைகேட்டை வெளிப்படுத்துகிறவர்களுக்கான சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்கள் வேலை ஒப்பந்தத்தில் ரகசியப் பிரிவும் இருக்கக்கூடும். வழக்கறிஞரைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். உங்கள் சொந்தக் கணக்கில் எழுதும்போதும் நிறுவனத்தின் பெயரால் பேசாதீர்கள்.

சோதனை நன்றாகப் போய், அதன் பிறகும் மேலாளர் வெள்ள எச்சரிக்கையும் வதந்தியும் ஒரே மணியோசையில் போகட்டும் என்று முடிவெடுத்தால், அப்போது வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். கையில் இன்னொரு வேலை உறுதியாகும் வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.